எஞ்சின் மேல் நீலம்

வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை மதியம்

என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்று சொல்லியே வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதே. நான் பள்ளிக்கூடம் போன லட்சணம் உனக்குத் தெரியும். கடைச் சீட்டு எழுதிய கை இது.

அப்பா கை கழுவும் சோப்பு இன்னும் பின்வாசல் குழாயடியில்தான் இருக்கிறது. மணல் கலந்த அந்தக் கறுப்பு சோப்பு. காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று போவேன். கையில் எடுப்பேன். வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அழ ஆரம்பித்தால் காகிதம் நனைந்துவிடும். விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டில் திருட்டு நடந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்போதுதான் எனக்குக் கோர்வையாக வரும். சக்களத்தியை மியூசியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் கடைசி ஆசை. அந்த ராணுவ ஜீப்பை அவர் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து நான் அவளைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுகிறேன். "உன்னை விட மூத்தவ, மரியாதையா கூப்பிடு" என்று அப்பா சிரிப்பார். அவள் எஞ்சினில் இருக்கும் சாமான் எல்லாம் யுத்த காலத்தில் அவளோடு கூடப் பிறந்தவை. அதனால் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற நாளில் அப்பா அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போது செய்து விற்கிற டூப்ளிகேட் சாமான்களை மாட்டுவார். திரும்பி வந்ததும் டூப்ளிகேட்டைக் கழற்றித் தட்டில் அடுக்கிவிட்டுப் பழையதை மாட்டுவார். வீட்டு நகையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

அந்தத் தட்டு இப்போது காலி. கார்ப்ரேட்டர், டைனமோ, ஆயில் ஃபில்டர் டப்பா, மூன்றும் இல்லை. சாமான் இருந்த இடத்தில் தூசி இல்லாத வட்டம் மட்டும் இருக்கிறது.

டூப்ளிகேட்டை எவன் திருடுவான்? கடையில் கேட்டால் கிடைக்கிற சாமான். அதுதான் எனக்கு மண்டையைக் குடைகிறது. ஒன்று, இவன் விவரம் தெரியாத திருடன். இல்லாவிட்டால் ரொம்ப விவரம் தெரிந்தவன்.

ஷெட்டுச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று பெயிண்டரிடம். இனிமேல் அவனை நீ சித்தப்பா என்று சொல்ல வேண்டாம். அப்பாவை "அண்ணே அண்ணே" என்று காலைச் சுற்றி வந்தவன்தான். அப்பாவுக்குப் பிறகு எனக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. ஷெட்டில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினமும் வருகிறான். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிறான். நான் டீ கொண்டு போனால் டக்கென்று மூடிவிடுகிறான். என்ன தம்பி என்று கேட்டால், "சும்மா பாத்தேன் அண்ணி" என்கிறான். சும்மா பார்ப்பதற்கு அங்கே என்ன சினிமாவா ஓடுகிறது?

போன வாரம் திடீரென்று, "தம்பி எப்ப வருது அண்ணி?" என்று உன்னைப் பற்றிக் கேட்டான். நேற்றும் கேட்டான். நீ வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் சும்மா இல்லை. சமையலறை ஜன்னலில் நின்று கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஷெட்டுக் கதவு இடுக்கில் துடைப்பக் குச்சி ஒன்றைச் சொருகி வைத்தேன். காலையில் பார்த்தால் குச்சி கீழே கிடக்கிறது. காற்றில் விழுந்ததா, ஆள் தள்ளி விழுந்ததா என்று குச்சியா வாய் திறந்து சொல்லும்? பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மியூசியத்திலிருந்து ஆள் வந்து சோதிக்கப் போகிறார்கள். எல்லாம் அசல் என்று தெரிந்தால்தான் சக்களத்தியைப் பெரிய கூடத்தில் நிறுத்தி, பக்கத்தில் அப்பா பேரைப் போட்டுப் பலகை வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டே அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசினார். எழுத்து பெரிதாக வேண்டாம், தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார். பெரிதாக இல்லாமல் தூரத்திலிருந்து எப்படிப் படிப்பது என்று நான் கேட்டேன். அதற்குச் சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு.

அதனால் கேட்கிறேன். நீ ஊருக்குப் போகும் முன் ஷெட்டை ஒழுங்கு பண்ணினாயே, அப்போது அந்தத் தட்டில் சாமான் இருந்ததா? உன் முதலாளியும் இதே மாதிரிப் பழைய ராணுவ வண்டிகளைத்தானே விற்கிறார். நீ கை அழுக்காகாத விற்பனைப் பக்கம் என்றாலும், இப்படிக் காணாமல் போனால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். போலீசுக்குப் போகட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் கண் விழித்து வேலை பார்க்காதே.

உன் அம்மா


வீட்டிலிருந்து,
வியாழக்கிழமை

அன்பு மகனுக்கு,

நீ போன் பண்ணியபோது பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். அதனால் மனம்விட்டுப் பேச முடியவில்லை. நீ சொன்னபடி போலீசுக்குப் போகவில்லை. "பெயிண்டராத்தான் இருக்கும், வேற யாரு? சாவிய வாங்கி வச்சுக்கம்மா, அது போதும்" என்றாய். சாவியை வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன், கேள்.

மியூசியத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். என் வயது இருக்கும். கழுத்தில் மாலை மாதிரி பூதக்கண்ணாடி தொங்குகிறது. கையில் பஞ்சு, பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டில், சின்ன டார்ச். பெரிய டாக்டர் வந்த மாதிரிதான். உட்காரச் சொன்னேன். வண்டியைப் பார்த்துவிட்டு உட்காருகிறேன் என்றார். அப்பாவின் போட்டோவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். அவர் செய்த வண்டிகளைத் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதலில் கதவைப் பார்த்தார். அப்பா எந்தச் சாமானைப் புதுப்பித்தாலும் ஓர் ஓரத்தில் தபால் தலை அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் இருக்கிற பழைய பெயிண்ட் எல்லாம் வரிசையாகத் தெரிகிற மாதிரி விட்டுவைப்பாரே, அந்தக் "கண்". அதைத்தான் பார்த்தார். நடுவில் செம்மண் நிற பிரைமர், முதல் பூச்சு. அதைச் சுற்றிப் பாசிப் பச்சை, தொழிற்சாலையில் அடித்தது. பிறகு மணல் நிறம், பாலைவனத்துக்கு அனுப்பியபோது அடித்தது. பிறகு நீலம். ராணுவம் ஏலம் விட்டபோது வாங்கிய ஐஸ் கம்பெனிக்காரன் அடித்தது. கடைசியாக அப்பா அடித்த பச்சை. வண்டியின் முழு ஜாதகமும் அந்தக் கண்ணில் இருக்கிறது. அந்த அம்மா ஒவ்வொரு வளையமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா பேசுகிற மாதிரியே இருந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு பானெட்டைத் தூக்கினார். டார்ச் அடித்தார். ஒவ்வொரு சாமானாகக் குனிந்து குனிந்து பார்த்தார்.

ஆயில் ஃபில்டர் டப்பாவிலும் ஒரு கண் இருந்தது. அதைக் காட்டி என்னிடம் கேட்டார், "எஞ்சினுக்கு எப்பம்மா நீலம் அடிச்சாங்க?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐஸ் கம்பெனி என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. பஞ்சில் தின்னரைத் தொட்டு டப்பா மேல் துடைத்தார். பச்சை பஞ்சோடு வந்தது. கதவில் அதே மாதிரி துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பல வருஷம் காய்ந்த பெயிண்ட் அப்படிச் சுலபத்தில் கரையாது, இது நேற்று அடித்த மாதிரி இருக்கிறது என்றார். டைனமோவிலும் அதே கதை. கார்ப்ரேட்டரில் வார்ப்படம் போட்ட பட்டறையின் முத்திரை இருக்க வேண்டுமாம். இல்லை. மூன்றும் டூப்ளிகேட்.

தட்டில் காணாமல் போன டூப்ளிகேட் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினில் இருந்த அசல் எங்கேயோ போய்விட்டது. இப்போது புரிகிறதா, திருடன் எவ்வளவு விவரமானவன் என்று!

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தணிந்த குரலில் சொன்னார். சாமான் மாறியிருப்பதுகூடப் பெரிதில்லை, டூப்ளிகேட் மேல் பொய்யாக ஒரு கண் திறந்து வைத்திருக்கிறார்கள், இது ஏமாற்ற வேண்டும் என்றே செய்தது என்றார். அடுத்த மாதம் திரும்ப வருவாராம். இதைச் செய்தது யார் என்று வீட்டார் அதற்குள் சொல்ல வேண்டுமாம். சொல்ல முடியாவிட்டால், செய்தது உன் அப்பாதான் என்று எழுதிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அதோடு போகாது. அப்பா கை வைத்த மற்ற வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றனவோ, எல்லாவற்றையும் திரும்பச் சுரண்டிப் பார்ப்பார்களாம்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனுஷன். எழுத்து பெரிதாக வேண்டாம் என்று சொன்ன மனுஷன். அவரைத் திருட்டுப் பெயிண்ட் அடித்தவன் என்று ஊர் சொல்ல வேண்டுமா?

அந்த அம்மா போனதும் பெயிண்டர் வந்தான். "என்ன சொன்னாங்க அண்ணி?" என்று கேட்டான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வார்த்தை வந்தது என்றே தெரியவில்லை. நட்ட நடு முற்றத்தில் வைத்துக் கேட்டேன். உண்ட வீட்டில் கை வைத்தாயே, அண்ணன் உடம்பு சூடு ஆறும் வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா, பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவன் இந்த வீட்டில் வேறு எவன் இருக்கிறான் என்று கேட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எஞ்சினைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திண்ணை மேல் வைத்தான். "வர்றேன் அண்ணி" என்றான். போய்விட்டான். தப்பு செய்யாதவன் இப்படிப் போவானா? கத்தமாட்டானா? மிதித்தால் புழுகூடத் துள்ளும்.

நீ சொன்னது சரிதான் என்று அப்போது நினைத்தேன். ஆனால் ஒன்று. நீ இன்னொன்றும் சொன்னாய் அல்லவா, மியூசியம் எல்லாம் எதற்கு, நானே ஆள் பார்த்து வண்டியை விற்றுத் தருகிறேன், மியூசியத்து ஆளை உள்ளேயே விடாதே என்று. அது மட்டும் வேண்டாம். அப்பா சொன்ன இடத்துக்குத்தான் சக்களத்தி போவாள். அந்த அம்மா வரட்டும். திருடன் பேரை நான் சொல்கிறேன்.

நீ மெலிந்துவிட்டாய் என்று போட்டோவில் தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா


வீட்டிலிருந்து,
ஞாயிறு காலை

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். இன்றைக்கு எப்படியும் எழுதிவிட வேண்டும் என்று கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெயிண்டரின் பெண்டாட்டியை உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் தைத்துக் கொடுத்த தையல்காரம்மா. அவள் வந்தாள். தோளில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்குகிறது. பாதித் தையலில் எழுந்து வந்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

"ஏன்க்கா, என் வீட்டுக்காரரு எஞ்சின் மேல நீலம் அடிச்சாராமே?"

ஆமாம் என்றேன். நானும் விறைப்பாகத்தான் நின்றேன்.

"அவர திருடன்னு சொல்லுங்க. ஊரே சொல்லட்டும், நான் ஒரு வாய் அழுதுட்டுப் போறேன். ஆனா அவர முட்டாள்னு சொல்லாதீங்க. எஞ்சின் மேல நீலம் அடிக்கிற பெயிண்டர் எவன்க்கா? சட்டைக்கு மூணு கை வச்சுத் தச்சுட்டு, நான்தான் தச்சேன்னு சொல்லுவேனா நானு?"

சொல்லிவிட்டு, நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஷெட்டுக்குப் போய் நானே பானெட்டைத் தூக்கினேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த பானெட்டுக்குக் கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்குப் பார்க்கத் தெரியாதா? பார்க்கத் தெரியும். பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஐஸ் கம்பெனிக்காரன் எஞ்சினைக் கழற்றவே இல்லை. வெளியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் நீலம் அடித்திருக்கிறான். பானெட்டின் உள்பக்க ஓரத்தில் பிரஷ் எட்டிய வரைக்கும் நீலம் வந்து, ஒரு விரல் அகலத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே ஒரு சொட்டு நீலம் கிடையாது. மணல் நிறமும் கிடையாது. எஞ்சின் சாமானுக்கு அடியில் சாம்பல் நிறம், மேலே பச்சை, அவ்வளவுதான். அப்பாவுக்கு அது தெரியும். பெயிண்டருக்குத் தெரியும். ஏதோ அரைகுறையாக எனக்கும் தெரியும்.

அந்தப் பொய்க் கண்ணில் கதவின் வரிசை அப்படியே இருக்கிறது. செம்மண், பச்சை, மணல், நீலம், பச்சை. ஒன்றும் மாறவில்லை. கதவை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்து, எஞ்சினைத் தெரியாத ஒருத்தன் செய்த வேலை அது.

எஞ்சின் ஆயில் பட்டால் உனக்குக் கையெல்லாம் தடித்துவிடும். அதனால் அப்பா உன்னை பானெட் பக்கம் விடவே மாட்டார். கதவுப் பக்கம் உட்கார வைத்து, கிண்ணத்தில் தண்ணீரும் கிழித்த உப்புத்தாளும் கொடுப்பார். நீ தேய்த்துத் தேய்த்து நீலம் வந்ததும், "அம்மா, வானம் வந்துருச்சு!" என்று சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவாய். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். தெருவில் வைத்துத் திட்டினேன் அல்லவா, தெருவில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "உள்ள வாங்க அண்ணி, என்னது இது" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் கை நகத்தில் இன்னும் பச்சைதான். நீங்கள் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மியூசியத்து அம்மா வந்து சோதிப்பதற்கு முன்னாலேயே அந்த நீலத்தைப் பார்த்துவிட்டாராம். பார்த்த உடனேயே யார் கை என்று தெரிந்துவிட்டதாம். "தம்பி வந்தா தனியா கூப்புட்டு, காதும் காதும் வச்ச மாதிரி திருப்பி வாங்கி மாட்டிரலாம்னுதான் எப்ப வருதுன்னு கேட்டுட்டே இருந்தேன்" என்றார். நீலத்தை மறைத்து மேலே பச்சை அடித்திருக்கலாமே என்றேன். "மறைச்சா அண்ணன் வண்டியில நானும் பொய் எழுதின மாதிரி ஆயிருமே அண்ணி. கை வரல" என்றார்.

அப்படியென்றால் நான் திருடன் என்று கத்தியபோது ஏன் வாயை மூடிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னத் திருடன்னு நெனச்சா உங்களுக்கு ஒரு பெயிண்டர்தான் போவான், அண்ணி." தையல்காரம்மா உள்ளே மெஷினை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. அப்பா படுக்கையில் விழுவதற்கு முன்னால் நீ போன் பண்ணி, உன் முதலாளி விற்க வைத்திருக்கிற ஜீப்பில் அசல் சாமான் குறைகிறது, நம்முடையதைக் கொடுத்து உதவுங்கள் என்று கேட்டாய். அவர், "அது இவளோட கூடப் பொறந்ததுடா, இவகிட்டதான் இருக்கணும்" என்றார். நீ கோபமாகப் போனை வைத்துவிட்டாய் என்று வருத்தப்பட்டார். நான்தான், சின்னப் பையன், மறந்துவிடுவான் என்றேன். நீயும் மறந்த மாதிரிதான் வந்தாய். அவருக்குக் கால் பிடித்துவிட்டாய். அவர் போன பிறகு என்னை என் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னாய். நான் திரும்பி வந்தபோது ஷெட்டில் பெயிண்ட் வாசனை அடித்தது. மகன் அப்பாவின் நினைப்பில் ஏதோ வேலை செய்திருக்கிறான் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நீ ஊருக்குப் புறப்படும்போது பெட்டி கனத்தது. அப்பாவின் ஸ்பேனர்கள், ஞாபகத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றாய். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கட்டும் என்று அப்பாவின் பழைய சட்டைகளை நான்தான் கொடுத்தேன். தூக்க முடியாமல் நீ திணறியபோது பக்கத்து வீட்டுக்காரர்கூட, "என்னப்பா, அம்மாவையே உள்ள வச்சுக் கொண்டு போறியா?" என்று கிண்டல் பண்ணினார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் கோபமாக எழுதவில்லை. கோபம் இருந்தது, துணி துவைக்கிற கல்லில் போய்விட்டது. உனக்கு அங்கே என்ன நெருக்கடி, முதலாளி என்ன சொல்லி மிரட்டினான், எனக்குத் தெரியாது. சாமான் இன்னும் உன்னிடம் இருக்கிறதா, வேறு வண்டியில் ஏறிவிட்டதா, அதுவும் தெரியாது. ஏறியிருந்தால் கழற்று. எப்படிக் கழற்றுவது என்று தெரியாவிட்டால் சித்தப்பாவுக்குப் போன் பண்ணு. சொல்லித் தருகிறேன் என்கிறார். அவரைச் சித்தப்பா என்று நீ தாராளமாகக் கூப்பிடலாம். கூப்பிடக் கூடாது என்று நான் எழுதியதை அடித்துவிடு.

பார்சலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. சித்தப்பா பக்கத்தில் நின்று மாட்டிவிடுவார். கை தடித்தால் நான் கையுறை வாங்கி வைக்கிறேன்.

அந்த அம்மா அடுத்த மாதம் வருகிறார். வந்து பானெட்டைத் தூக்குவார். சாமான் அதன் அதன் இடத்தில் இருந்தால், வீட்டுப் பிள்ளை தெரியாமல் மாற்றிவிட்டான், திருப்பி மாட்டிவிட்டான் என்று நானே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். சாமான் இல்லாவிட்டால் யார் செய்தது என்று கேட்பார். நான் ஒரு பேர் சொல்லியாக வேண்டும். உன் அப்பா பேரைச் சொல்ல மாட்டேன். அவர் பேர் பலகையில் ஏற வேண்டிய பேர். சித்தப்பா பேரை ஒரு தடவை தெருவில் இழுத்தது போதும், இனி என் வாயில் வராது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேர். நீ பிறந்தபோது, அவரும் நானும் சண்டை போட்டு, கடைசியில் நான் ஜெயித்து, ஆசை ஆசையாக வைத்த பேர். அதை அந்த அம்மாவின் முன்னால் சொல்ல வைத்துவிடாதே, கண்ணா.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் தலைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. பத்திரமாக வா.

உன்னைப் பெற்றவள்